பூட்டு தொங்கினால் உள்ளே ஆள்

"அம்மா, ஒண்ணு மட்டும் நிக்குது," என்றாள் மகள்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வலது பக்கம், கடைசிக்கு முந்தினது. மத்ததெல்லாம் தலைகால் தெரியாம ஆடுது. அது மட்டும் கோவிச்சுக்கிட்ட மாமியார் மாதிரி நிக்குது."

"உனக்கு எந்த மாமியாரைத் தெரியும்?"

"பொதுவாச் சொன்னேன்."

நான்காவது மாடி. ஜன்னலில் பாதியை எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மறைத்தது. மீதிப் பாதியில் கடல். அதன் விளிம்பில் காற்றாலைகள், வெள்ளைக் குச்சிகளாக.

"அது கோவிச்சுக்கல. நான் பூட்டி வெச்சிருக்கேன்."

"நீயா?"

கையைத் துடைத்தாள். கால்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். சுண்டுவிரல் நீளம். சிவப்புத் தலை.

மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சைக்கிள் சாவி மாதிரி இருக்கு. இதுவா அவ்ளோ பெரிய பொருளை நிறுத்தி வெச்சிருக்கு?"

"நிறுத்தி வெச்சிருக்கிறது பூட்டு. சாவி மட்டும் என்கூட வந்துடுச்சு."

"அப்போ போய்த் திறக்க வேண்டியதுதானே."

"கடலைப் பாரு."

மகள் பார்த்தாள். கண்ணுக்கு எட்டியவரை அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன.

*

ஒவ்வொரு காற்றாலையின் அடித்தளத்திலும் ஒரு சிவப்புப் பிடி உண்டு. அதைக் கீழே இழுத்துவிட்டால் இறக்கை சுற்றாது, கம்பியில் மின்சாரம் ஓடாது. மேலே வேலைக்கு ஏறும் முன் பிடியை இழுத்து, ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு பூட்டை அதில் மாட்டுவார்கள். பூட்டின் முதுகில் மாட்டியவரின் படம் ஒட்டியிருக்கும். ஒரு பூட்டு தொங்கினாலும் பிடி மேலே போகாது. கரையில் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் தலைகீழாக நின்றாலும் அதை ஓட்ட முடியாது.

பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருப்பதாகப் பொருள். அடுத்தவர் பூட்டை யாரும் தொடக் கூடாது. வேலை முடிந்து இறங்கியதும் அவரவர் பூட்டை அவரவர் கழற்றிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பூட்டுக்கு ஒரு குணம். பூட்டியிருக்கும்போதுதான் அதிலிருந்து சாவியை உருவ முடியும். திறந்துவிட்டால் சாவி அதிலேயே சிக்கிக்கொள்ளும். எனவே வெளியே வருகிறவர் பையில் பூட்டும் சாவியும் சேர்ந்தே இருக்கும். சாவி மட்டும் இருந்தால் பூட்டு இன்னும் பிடியில் தொங்குகிறது.

பயிற்சிக்கூடத்தில் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் கைக்கு வேறொன்று தெரிந்திருந்தது.

முப்பத்தொன்பது வயது. அதில் பதினோரு வருடம் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்தாள். கடைசியில் மூன்றாம் மாடி முழுவதும் அவள் பொறுப்பு. எல்லா அறைகளையும் திறக்கும் ஒரே சாவி அவள் பையில் இருக்கும். தினமும் கிளம்பும்போது பையைத் தட்டிப் பார்ப்பாள். சாவி தட்டுப்பட்டால் மாடி பத்திரம். வீட்டுக்குப் போகலாம்.

முந்தின நாள் பிற்பகல் மூன்று பேர் வேலைக்கு ஏறியிருந்தார்கள். அவள், குழுத் தலைவன், மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. தலைவனுக்கு இருபத்தேழு வயது. அவளை அக்கா என்பான். அவள் தம்பி என்பாள். மேலதிகாரியைத் தம்பி என்று கூப்பிடுவதில் அவனுக்குத்தான் சங்கடம். "அக்கா, அந்த ஸ்பேனரை எடுத்துத் தர்றீங்களா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று உத்தரவு போடுவான்.

அலை ஏறுகிறது, உடனே இறங்குங்கள் என்று படகிலிருந்து கேப்டன் வாக்கி-டாக்கியில் சொன்னார். மற்ற இருவரும் முதலில் இறங்கி, பூட்டைக் கழற்றிக்கொண்டு வெளித்தட்டுக்குப் போனார்கள். அவள் கிரீஸ் பையோடு கடைசியில் வந்தாள். கதவுக்கு வெளியே காற்று கத்தியது. தலைவன் படகைப் பார்த்தபடியே கேட்டான்.

"பூட்டு?"

அவள் கை பையைத் தட்டியது. சாவி தட்டுப்பட்டது.

"ஆச்சு," என்றாள்.

கடைசியாக ஒருமுறை பிடியைப் பார்ப்பது தலைவன் வேலை. அவன் பார்க்கவில்லை.

பாதி தூரம் வந்தபின் கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டது. "பதினேழாம் நம்பர் எழுந்திரிக்க மாட்டேங்குது. உள்ள யாராவது இருக்கீங்களா?"

படகில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் எண்ணிக்கொண்டார்கள். எல்லாரும் இருந்தார்கள். அவள் பைக்குள் கை விட்டாள். சாவியை வெளியே எடுத்தாள்.

"ஐயோ," என்றான் மாப்பிள்ளை.

கேப்டன் திரும்பி அலையைப் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்தார். படகு கரைக்கே போனது.

*

துறைமுக அலுவலகத்தில் மேலாளரின் அறை சிறியது. ஒரு சுவரில் வானிலைத் திரை. ஹீட்டர்மேல் யாருடைய காலுறைகளோ காய்ந்துகொண்டிருந்தன. மேலாளர் ஐம்பதைத் தாண்டிய பெண். உட்காரச் சொல்லும்போதும் எழுந்து போகச் சொல்வதுபோல் இருக்கும்.

"உட்காருங்க."

உட்கார்ந்தாள். தலைவன் கதவருகே நின்றான்.

"பூட்டை மறந்தது நீங்க. பார்க்க மறந்தது இவன். இவன்கிட்ட நான் தனியாப் பேசிட்டேன். முகத்தைப் பார்த்தாலே தெரியும்."

தெரிந்தது.

"வேற யாராவது போய்த் திறந்தா?" என்று கேட்டாள்.

"சாவி கை மாறக் கூடாது. குடுத்தவங்களுக்கும் வேலை இல்ல, வாங்கினவங்களுக்கும் இல்ல."

"பூட்டை வெட்டினா?"

"அதுக்கு ஒரு வழி இருக்கு. பூட்டுக்குச் சொந்தக்காரர் உயிரோட இல்லைன்னா, இல்ல ஆளையே காணோம்னா. நீங்க ரெண்டும் இல்ல. எதிர்ல உட்கார்ந்திருக்கீங்க."

தலைவன் தொண்டையைச் செருமினான். மேலாளர் அவனைப் பார்க்கவில்லை.

"மேலிடத்துல கேட்டு வெட்டலாம். வெட்டினதுக்கப்புறம் அந்த ஆளைக் கடலுக்கு அனுப்பறதில்ல. இங்க அதுதான் வழக்கம். உங்க பயிற்சி இந்த மாசத்தோட முடியுது. வேலைக்கு எடுத்துக்கறதா வேண்டாமான்னு நான் சொல்லணும். மாசக் கடைசி வரைக்கும் பூட்டை வெட்டாம பார்த்துக்க என்னால முடியும். அதுக்குள்ள அலை இறங்கணும். நீங்க போகணும். நீங்களே கழட்டணும்."

"போறேன் மேடம்."

"கடல்கிட்ட சொல்லுங்க."

வெளியே மாப்பிள்ளை தேநீரோடு காத்திருந்தான். "என்னக்கா சொன்னாங்க?"

"நானே போகணுமாம்."

"நான் போய் ஒரு நிமிஷத்துல திறந்துட்டு வந்துடுவேன். சாவியைக் குடுங்க, யாருக்கும் தெரியாது."

"மாப்ள," என்றான் தலைவன்.

"சும்மா சொன்னேன். அக்கா சிரிக்கிறாங்களான்னு பார்த்தேன்."

அவள் சிரிக்கவில்லை. கீழே குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினாள். பொது அலமாரி ஷூ. பயிற்சியில் இருப்பவர்களுக்கு அங்கிருந்துதான் எல்லாம்: மிதக்கும் சூட், ஹெல்மெட், ஷூ. வேலை உறுதியானவர்களுக்கு அளவெடுத்துப் புதிதாக வரும். அலமாரியில் அவள் காலுக்கு ஆகிற ஷூ இல்லை. இரண்டு ஜோடிக் காலுறை போட்டு நிரப்பிக்கொள்வாள்.

*

காற்று ஓயவில்லை. படகுகள் துறைமுகத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. அவள் பட்டறையில் கயிறுகளைச் சோதித்தாள், போல்ட்களைத் துடைத்தாள், துடைத்த போல்ட்களை மறுபடி துடைத்தாள். கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் கடந்து போகும்போது தலையசைத்தார்கள். முன்பும் அப்படித்தான் அசைத்திருப்பார்கள். இப்போதுதான் அவள் கவனித்தாள்.

வீட்டில் ஜன்னல் இருந்தது. சமையலறையில் நின்றால் கண் அங்கேதான் போனது. மற்றவை சுற்ற அது மட்டும் நின்றது. தெருவில் யாராவது கடலைப் பார்த்து நின்றால் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது.

"பூட்டு தொங்கினா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம்னு சொன்னியே," என்றாள் மகள். "அப்போ நீ இன்னும் உள்ளதான் இருக்கியா?"

"விதிப்படி ஆமா."

"அப்போ இங்க முட்டை வறுக்கறது யாரு?"

"வாயை மூடிட்டுச் சாப்பிடு."

கணவர் பஸ் ஓட்டுகிறவர். அன்று காலை ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். "வீட்டுச் சாவியை நாலு தடவை தொலைச்சவன் நான். ஒரு தடவையாவது ஊர் நின்னுச்சா?"

"பக்கத்து வீட்டு ஆன்ட்டி வீட்ல நாங்க உட்கார்ந்திருந்தோம்," என்றாள் மகள்.

"டீ குடுத்தாங்கல்ல?"

அவர் தட்டை நகர்த்திவிட்டு மனைவியைப் பார்த்தார். "ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்வாங்க. நீ மாசக் கடைசியைப் பார்த்துக் காலை விடாதே."

"ஆழம் தெரியும். முப்பது மீட்டர்."

"அதைத்தான் சொல்றேன்."

அவள் தட்டுகளை அடுக்கினாள். ஹோட்டல் மூடியபிறகு எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். அவர் இரட்டை ஷிஃப்ட் ஓட்டினார். பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது, உனக்கு உயரம்னா ஆகாதே என்று அவர்தான் சொன்னார். ஆகவில்லைதான். ஆனால் உயரம் பழகிவிட்டது. உச்சி அறையின் மூடியைத் திறந்து முதல்முறை தலையை வெளியே நீட்டியபோது கடல் மூன்றாம் மாடித் தாழ்வாரம்போல் நேராக, சுத்தமாக, யாரும் மிதிக்காமல் கிடந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே திரும்பப் போக வேண்டும். அவ்வளவுதான்.

பழகாதது வேறு. படகிலிருந்து ஏணிக்கு வைக்கும் அந்த ஒரு எட்டு.

*

மாதம் முடிய இன்னும் இரண்டு நாள். வானிலைத் திரையில் பிற்பகலில் ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது. அலை ஒன்றரை மீட்டருக்கு இறங்கும், பிறகு ஏறும். ஒன்றரைதான் எல்லை. அதற்குமேல் யாரும் ஏணியில் கால் வைக்கக் கூடாது.

"அதுக்கப்புறம்?" என்று தலைவன் கேட்டான்.

"அதுக்கப்புறம் திரையில எல்லாம் சிவப்பு," என்றார் மேலாளர்.

போனார்கள். படகு ஒவ்வொரு அலையிலும் ஏறி, விழுந்தது. அவள் பின்னால் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் குமட்டாது என்பார்கள். குமட்டியது.

பதினேழு நெருங்கி வந்தது. கீழிருந்து பார்க்க அது குச்சி இல்லை. தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் கட்டடம் மாதிரி. மூன்று இறக்கைகளும் அசையவில்லை. ஒன்றின் நுனியில் கடல்பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது.

"பாருங்கக்கா, குடித்தனமே வந்தாச்சு," என்றான் மாப்பிள்ளை.

கோபுரத்தின் அடியில் இரண்டு தடித்த இரும்புக் குழாய்கள் செங்குத்தாக நிற்கும். நடுவில் ஏணி. கேப்டன் படகின் ரப்பர் மூக்கைக் குழாய்களில் முட்டவைத்து இன்ஜினை முழு வேகத்தில் அழுத்துவார். ரப்பர் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். படகு அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். அலை பெரிதாக வந்தால் பிடி நழுவும். அப்போது படகு மேலே எம்பும், அல்லது கீழே விழும். கால் நடுவில் இருந்தால் கால் போகும்.

மூக்கில் நிற்பவனுக்குக் கொக்கி என்று பெயர். மேலிருந்து தொங்கும் கயிற்றின் கொக்கியை ஏறுகிறவரின் பாதுகாப்பு வாரில் மாட்டுவது அவன் வேலை. சரியான நேரத்தில் "இப்போ" என்பான். அதற்கு முன் ஏறுகிறவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "போறேன்", அல்லது "வேண்டாம்".

யார் வேண்டாம் என்றாலும் படகு பின்வாங்கும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. படகிலும் கூடாது, கரையிலும் கூடாது. கேட்டால் அடுத்த தடவை ஆள் காரணம் தேடுவான். காரணம் கிடைக்காவிட்டால் காலை வைத்துவிடுவான். கேப்டன் "வேண்டாம்" என்று சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். தலைவன் ஒருமுறை சொன்னான். மாப்பிள்ளை இரண்டுமுறை. அவள் சொன்னதில்லை. பதினோரு வருடம் அவள் வேலை பார்த்த இடத்தில் அந்த வார்த்தையே கிடையாது. இன்னொரு துண்டு வேண்டுமா, இதோ. படுக்கையை மறுபடி மாற்ற வேண்டுமா, இதோ. இப்போதேவா, இதோ.

கொக்கி அவள் வாரில் கயிற்றை மாட்டினான். இழுத்துப் பார்த்தான். இன்ஜின் உறுமியது. ரப்பர் இரும்பில் கிறீச்சிட்டது.

சாவி கழுத்தில் தொங்கியது. சூட்டுக்குள், நெஞ்சில் ஒட்டிக்கொண்டு.

ஓர் அலை வந்தது. படகின் மூக்கு ஒரு சாண் மேலே வழுக்கியது. நின்றது.

"ஒன்றரை," என்றார் கேப்டன் வாக்கியில். "எல்லையிலதான் இருக்கோம். உங்க இஷ்டம்."

"போலாம்," என்றான் தலைவன். அவன் குரல் கொஞ்சம் உயரத்தில் இருந்தது.

அவள் ஏணியைப் பார்த்தாள். இடைவெளியைப் பார்த்தாள். ஷூவுக்குள் கால் லேசாக நகர்ந்தது. இது வேறொருவர் பூட்டாக இருந்தால், இன்றைக்குச் சாதாரண வேலை நாளாக இருந்தால், இந்த எட்டை வைப்பேனா? இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பதில் உடனே வந்துவிட்டது.

கொக்கி அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான்.

"வேண்டாம்," என்றாள்.

இன்ஜின் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. கையை முகத்துக்கு முன்னால் குறுக்காக ஆட்டினாள்.

கொக்கி கயிற்றைக் கழற்றினான். கேப்டன் பின்வாங்கினார். கோபுரம் விலகியது. இறக்கையில் இருந்த பறவை இன்னும் அங்கேயே இருந்தது.

யாரும் எதுவும் கேட்கவில்லை.

வழியில் வாக்கியில் வேறொரு குழுவின் பேச்சு கேட்டது. இருபத்துநான்கில் ஏறிவிட்டார்கள். இரண்டு பேர். பத்திரம். அலை ஒன்றரை.

மாப்பிள்ளை வாக்கியின் சத்தத்தைக் குறைத்தான். அவளுக்கு ஒரு பிஸ்கட் நீட்டினான். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். கரை வரும்வரை அது கையிலேயே இருந்தது.

*

படகு கட்டியபின் மற்றவர்கள் நடந்தார்கள். தலைவன் பின்தங்கினான். அவளும் பின்தங்கினாள், ஷூ கனத்ததால்.

"அக்கா, நான் கேட்கல," என்றான்.

"தெரியும் தம்பி."

"கேட்கக் கூடாது. ஆனா என்னைப் பத்திச் சொல்லலாம்ல. அதுக்கு விதி இல்ல." அவன் ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே பார்த்தான். "போலாம்னு சொன்னேன்ல. எனக்குப் போகப் பிடிக்கல. மூக்கு வழுக்கினதைப் பார்த்தேன். ஆனா பிடியைப் பார்க்காம விட்டது நான். என் தப்புக்கு உங்களை நிறுத்தி வெச்சிருக்காங்க. நானே எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு..."

"இருபத்துநாலுல ஏறிட்டாங்களே."

"ஏறினாங்க. அது அவங்க மூக்கு, அவங்க அலை."

"நான் பயந்துட்டேனோ என்னவோ."

"பயந்தவங்க இன்னைக்கு ஏறியிருப்பாங்க அக்கா," என்றான் அவன். "மேடத்துக்குப் பயந்து."

தாழ்வாரத்தில் மேலாளர் எதிரில் வந்தார். அவர் கையில் தேநீர்க் கோப்பை. படகு திரும்பிய விஷயம் வாக்கியில் அவர் காதுக்கு வந்திருக்கும். அவளைப் பார்த்தார். சூட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தார்.

"தரை ஈரமாகுது," என்றார். கடந்து போனார்.

அன்று மாலை அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சமைத்தாள். கணவர் வந்ததும் முகத்தைப் பார்த்தார்.

"திறக்கலையா?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"நீயா?" அவர் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். "இருபது வருஷத்துல என்கிட்ட ஒரு தடவைகூட சொன்னதில்லையே."

"நீங்க ஒன்றரை மீட்டர் எழும்பினதில்ல."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. நாளை ஒரு நாள்தான் இருந்தது. திரையில் எல்லாம் சிவப்பு.

*

காற்று திரை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விடியும்போது திசை மாறியிருந்தது. அவள் துறைமுகத்துக்கு வந்தபோது கேப்டன் படகின் கூரையில் நின்று, நக்கிய விரலை மேலே நீட்டிக்கொண்டிருந்தார். அது அவருடைய வானிலை அறிக்கை.

"ஒண்ணுக்கும் கீழ," என்றார். "மத்தியானம் வரைக்கும் நிக்கும். அதுக்குமேல நான் ஜோசியம் சொல்றதில்ல. ஏறுங்க."

தலைவனும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே சூட்டில் இருந்தார்கள். மாப்பிள்ளை அவளுடைய ஹெல்மெட்டைத் துடைத்து வைத்திருந்தான்.

"நான் ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னேன்ல அக்கா," என்றான் படகில். "ஒண்ணு கல்யாணத்துக்கு மறுநாள். அன்னைக்கு அலையே இல்ல. குளம் மாதிரி இருந்துச்சு. ஒருத்தனும் கேட்கல. இன்னைக்கு வரைக்கும் கேட்கல. அதை நினைச்சா எனக்கே வெட்கமா இருக்கும்."

"ஏன் சொன்னே?" என்று கேட்டாள்.

"பார்த்தீங்களா, கேட்டுட்டீங்க!" என்று அவன் கையைத் தட்டினான். "விதியை மீறிட்டீங்க. இனி நீங்கதான் தரை துடைக்கணும்."

அவள் சிரித்தாள். பல நாளுக்குப்பின் வந்த சிரிப்பு. குமட்டலோடு சேர்ந்து வந்தது.

ரப்பர் மூக்கு குழாயில் முட்டியது. நின்றது. கொக்கி கயிற்றை மாட்டினான். அலை வந்து போனது. மூக்கு நழுவவில்லை. இன்னொன்று வந்து போனது.

"போறேன்," என்றாள்.

"இப்போ."

வலது கால் ஏணியில். கை. இடது கால். நிற்காமல் மூன்று படி. படகு கீழே விலகியது. ஏணி ஈரமாக, குளிராக, ஆடாமல் இருந்தது. அவள் ஏறினாள். பின்னால் தலைவன் வந்தான்.

அடித்தளத்தில் பேட்டரி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காற்றில் கிரீஸ் வாசம். சிவப்புப் பிடியில் ஒரே ஒரு பூட்டு. அதன் முதுகில் அவள் முகம், பயிற்சி முதல் நாளில் எடுத்த படம். கண்ணை விரித்து, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதுபோல் நின்றிருந்தாள்.

கழுத்திலிருந்து சாவியை எடுத்தாள். கையுறையைக் கழற்றினாள். திறந்தாள். பூட்டு கையில் வந்தது, சாவி அதில் சிக்கிக்கொண்டபடி.

தலைவன் கிட்டே வந்து பிடியைக் குனிந்து பார்த்தான். கையால் தடவிப் பார்த்தான். ஒருமுறை சுற்றி நடந்து மறுபக்கமும் பார்த்தான்.

"தம்பி, ஒரு பூட்டுதான் இருந்துச்சு."

"பார்க்கிறேன்ல அக்கா. பார்க்க விடுங்க."

பிறகு அவன் பிடியை விட்டு ஒதுங்கி நின்றான். "நீங்க தூக்குங்க."

அவள் இரண்டு கையாலும் பிடியை மேலே தள்ளினாள். டக்கென்று உட்கார்ந்தது. சுவருக்குள் எங்கோ ஒரு மின்விசிறி விழித்துக்கொண்டு முனகியது.

வெளியே வரும்போது கதவில் அவன் நின்றான். முகத்துக்கு நேராகக் கேட்டான்.

"பூட்டு?"

அவள் பையைத் தட்டவில்லை. எடுத்து உள்ளங்கையில் நீட்டினாள்.

*

ஆட்கள் எல்லாரும் வெளியேறி, படகும் விலகியபின்தான் கட்டுப்பாட்டு அறை அதை ஓட்டும். கேப்டன் தூரத்தில் போய் இன்ஜினைத் தணித்தார். நின்ற படகு முன்னிலும் மோசமாக ஆடியது.

"இறக்கை திரும்புது," என்றான் கொக்கி. "காத்து பிடிக்குது, பாருங்க."

மாப்பிள்ளை கைபேசியை நீட்டிப் படமெடுக்கத் தொடங்கினான். "அக்கா, வாங்க. பறவை எழுந்து போகுது. காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அக்கா?"

அவள் படகின் பின்பக்கம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள்.

"சுத்துது அக்கா! ஒரு சுத்து முடிஞ்சாச்சு!"

தலையை நிமிர்த்தாமல் ஒரு கையை மட்டும் மேலே தூக்கினாள். தெரிகிறது என்பதுபோல. தெரியவில்லை. தண்ணீரும் படகின் இரும்பும்தான் தெரிந்தன. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அது மற்றவற்றோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. எது புதிதாகச் சுற்றுகிறது என்று ஒரு கணம் தேட வேண்டியிருந்தது.

துறைமுகம் நெருங்கியதும் கைபேசியில் அலைவரிசை வந்தது. மகளின் செய்தி: "சுத்துது. வெளிய வந்தாச்சா?"

ஈர விரலால் தட்டினாள். "வந்தாச்சு."

மேலாளர் படகுத்துறையில் நின்றிருந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம். தலைவன் விறைத்து நின்றான். மாப்பிள்ளை கயிறு சுற்றுவதில் திடீரென்று மும்முரமானான்.

மேலாளர் கையை நீட்டினார். அவள் பூட்டைக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இந்தப் படத்தை மாத்துங்க. திருடிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

"சரி மேடம்."

அவர் நகரவில்லை. கீழே பார்த்தார். அவள் ஷூவிலிருந்து தண்ணீர் வழிந்து பலகையில் குளமாகிக்கொண்டிருந்தது. ஒரு நுனி மடங்கியிருந்தது, உள்ளே விரல் இல்லாத இடத்தில்.

"உங்க ஷூ சைஸ் என்ன?"

பின்னால் கயிறு சுற்றுவது நின்றது.

"முப்பத்தேழு," என்றாள் அவள்.

"சாக்ஸ் ஒரு ஜோடி போட்டா, ரெண்டு ஜோடி போட்டா?"

"ஒண்ணு," என்றாள். "ஒண்ணு போதும்."